மொஹாவி பாலைவனத்தின் நூறு கிராம்

ஆண்டு மழை ஏறத்தாழ 140 மில்லிமீட்டர். அந்த நிலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஆண்டுக்கு 100 கிராமுக்கு மேல் கார்பனைக் காற்றிலிருந்து எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறது என்று ஒரு கணக்கு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா? 2005-இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் சூழலியலாளர்களைச் சண்டைபோட வைத்த கேள்வி இது. இடம், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் விரியும் மொஹாவி பாலைவனம்.

லாஸ் வேகாஸிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் நெவாடா சோதனைக் களம். 1951 முதல் அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த இடம். குண்டுக்காகப் போட்ட வேலி சூழலியலாளர்களுக்கு வேறு விதத்தில் உதவியது. பல பத்தாண்டுகளாக அந்த வேலிக்குள் மாடு மேயவில்லை, வண்டி தாறுமாறாக ஓடவில்லை, மண்ணின் மேலோடு மிதிபடவில்லை. வெளியே இப்படிக் கெடாமல் கிடக்கும் பாலைநிலம் கிடைப்பது அரிது.

நிலத்தின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் புதர்கள் மூடுகின்றன. முக்கியமானது கிரியோசோட் புதர். சின்னஞ்சிறு இலைகள், மேலே பிசின் பூச்சு, எந்தப் பருவத்திலும் முழுதாக இலை உதிர்க்காத பிடிவாதம். மழை பெய்ததும் அந்தப் பிசின்தான் தார் கலந்ததுபோல் மணக்கும். மொஹாவியிலேயே வேறொரு பகுதியில் இதே இனத்துப் புதர் வட்டம் ஒன்றுக்கு 11,700 வயது இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். புதர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடமும் முழு வெறுமை அல்ல. நீலப்பச்சைப் பாசி, லைக்கன், பாசிச்செடி மூன்றும் மணலைப் பின்னிக் கட்டிய கறுத்த மேலோடு அங்கே இருக்கிறது. ஈரம் பட்டால் சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும் உயிர்ப்படலம் அது.

இங்கேதான் 1997 ஏப்ரலில் நெவாடா பாலைவன வெளிக்காற்றுச் சோதனை தொடங்கியது. தலா 23 மீட்டர் விட்டத்தில் ஒன்பது வட்டங்கள். அவற்றில் மூன்றில் கரியமில வாயுவை 550 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 550 பங்கு) அளவுக்கு உயர்த்தி, 2007 வரை பத்தாண்டு ஊதினார்கள். எல்நினோ மழை கொட்டிய 1998-இல் அந்த வட்டங்களில் புதிய தளிர் வளர்ச்சி இரட்டிப்பானது. அடுத்து வந்த வறண்ட ஆண்டில் வித்தியாசமே தெரியவில்லை. இந்தக் களத்திலும் இதன் அருகிலும் எடுத்த அளவீடுகளே நம் வழக்கின் சாட்சியங்கள்.

புதர்நிலம் வெளிவிடும் வழிகள்

வழக்குக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 'நிகர உறிஞ்சல்' என்பது நேரடியாக அளக்கும் பொருள் அல்ல. உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்தால் மிஞ்சுவது. பாலைவனத்தில் அந்த வெளியேற்றம் காட்டில் நடப்பதுபோல் நடப்பதில்லை.

செடி தான் எடுத்ததில் ஏறக்குறையப் பாதியை இலை, தண்டு, வேர் வழியாகத் தானே திருப்பி விட்டுவிடும். உதிர்ந்ததை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விடும். இது எந்த நிலத்துக்கும் பொது. வெப்பம் கூடக் கூட இந்த மூச்சும் கூடும் என்பது பாடநூல் விதி. சீனாவின் மூ ஊஸ் பாலைவனத்தில், மாசிபத்திரிக்கு உறவான ஆர்ட்டிமிசியா புதர்நிலத்தை அளந்த வாங் பென் குழுவினர் 2014-இல் அந்த விதி எங்கே உடைகிறது என்று காட்டினார்கள். மண்ணின் கன அளவில் நீர் 8 சதவீதத்துக்குக் கீழே போனதும் வெப்பநிலைக்கும் மண் சுவாசத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. வெயில் எவ்வளவு ஏறினாலும் நுண்ணுயிர்கள் அசைவதில்லை. வெப்பநிலையை மட்டும் வைத்து ஆண்டுக் கணக்கைப் போட்டால் கோடையில் வெளியேற்றத்தை மிகையாகக் காட்டிவிடும்.

பிறகு மழை. காய்ந்த மண்ணை நனைத்தால் கரியமில வாயு சட்டென்று பீறிடுவதை 1958-இல் பர்ச் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணைக் கொண்டு விளக்கினார். பர்ச் விளைவு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பாலைவனத்தில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. ஐந்து மில்லிமீட்டர் தூறல் என்றால் மேல்மண் மட்டும் நனையும், நுண்ணுயிர்கள் விழிக்கும், வேருக்கு ஒன்றும் எட்டாது. அன்றைய நாள் நட்டம். அதே மழை இருபது, முப்பது மில்லிமீட்டராக இறங்கினால் வேர் குடித்து, இலை வேலைசெய்து, அடுத்த சில வாரங்கள் லாபம். ஆண்டு மொத்த மழை ஒன்றாக இருந்தாலும் அது எத்தனை துண்டாகப் பெய்தது என்பதைப் பொறுத்து நிலத்தின் கணக்கு தலைகீழாகலாம்.

நுண்ணுயிர் தொடாமலே வெளியேறுவதும் உண்டு. தரையில் கிடக்கும் சருகைச் சூரிய ஒளியே உடைத்து வாயுவாக்கி விடுகிறது என்பதை ஏமி ஆஸ்டினும் லூசியா விவான்கோவும் அர்ஜென்டினாவின் படகோனியாவில் செய்த சோதனையில் 2006-இல் நிறுவினார்கள். நிழலே இல்லாத நிலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

கடைசியாகச் சுண்ணாம்பு. நம்மூரில் கிணறு வெட்டும்போது சுக்கான் என்று சொல்லும் வெள்ளைக் கட்டி மொஹாவியின் மண்ணுக்கடியிலும் அடுக்கடுக்காக இருக்கிறது. மண்துகளைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் கரியமில வாயு கரையும். நீர் குளிர்ந்தால் கூடுதலாகக் கரையும், சூடானால் வெளியேறும். அப்படிக் கரைந்த வாயு சுண்ணாம்பைச் சிறிது கரைத்துப் பைகார்பனேட் ஆக்கும். சூடு ஏறினால் அதே வினை பின்னோக்கி ஓடும். பகலும் இரவும் முப்பது டிகிரி வேறுபடும் மேல்மண்ணில் இது தினசரி நடக்கும் உள்ளிழுப்பும் வெளிவிடலும். உயிர் எதுவும் தேவையில்லை. செடியே இல்லாத அன்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளிலும் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் இத்தகைய ஓட்டத்தை அளந்திருக்கிறார்கள்.

குற்றச்சாட்டு

ரிச்சர்ட் ஜசோனி, ஸ்டான்லி ஸ்மித், ஜான் அர்னோன் மூவரும் புதரோடு சேர்த்து நிலத்தையே மூடும் பெரிய கூண்டுகளை வைத்து அளந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டு நிகர உறிஞ்சல் சதுர மீட்டருக்கு 100 கிராம் கார்பனைத் தாண்டியது. 2008-இல் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் கியோர்க் வோல்ஃபார்ட், லின் ஃபென்ஸ்டர்மேக்கர், அர்னோன் ஆகியோர் முற்றிலும் வேறு முறையில், கோபுரத்தில் பொருத்திய கருவியால் காற்றுச் சுழல்களை அளந்து, 2005-க்கு 102 கிராம், 2006-க்கு 110 கிராம் என்றார்கள். மிதவெப்பக் காடுகள் பலவற்றின் கணக்கும் இதே வரிசையில்தான் வரும். பிழை எல்லையையும் மறைக்கவில்லை: முதல் ஆண்டுக்கு 67, இரண்டாம் ஆண்டுக்கு 70. விடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பிழை எல்லை. செய்தியாக வலம்வந்தபோது உதிர்ந்துபோனது இந்த எண்தான்.

இதே காலத்தில் சீனாவின் சின்ஜியாங்கிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. குர்பன்துங்குத் பாலைவனத்தின் ஓரத்தில் லி யான் குழுவினர் களர் உவர் மண்ணில் அறைகளைக் கவிழ்த்து அளந்தபோது, இரவில் உள்ளே கரியமில வாயு ஏறுவதற்குப் பதில் இறங்கியது. மண்ணை நீராவியில் வேகவைத்து உயிரிகளைக் கொன்று பார்த்தார்கள். அப்போதும் இறங்கியது. 2009-இல் வந்த கட்டுரையில் அவர்கள் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 62 முதல் 622 கிராம் கார்பன் வரை இந்த மண் உறிஞ்சக்கூடும் என்று கணித்தார்கள். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் பத்து மடங்கு இடைவெளி. எனக்கு அந்த வீச்சே ஒரு எச்சரிக்கை மணியாகப் படுகிறது.

ஏன் இவ்வளவு பரபரப்பு? மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் கடலும் நிலமும் எவ்வளவு எடுக்கின்றன என்ற உலகக் கணக்கில் 'நிலத்தின் பங்கு' எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பழைய புதிர். சதுர மீட்டருக்கு 100 கிராம் என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 100 டன் வரும். உலகின் வறண்ட நிலத்தில் 3 கோடி சதுர கிலோமீட்டருக்கு அதைப் பொருத்தினால் 300 கோடி டன். உலகத்து நிலம் முழுவதும் சேர்ந்து ஆண்டுதோறும் எடுப்பதாகச் சொல்லப்படும் அளவும் ஏறக்குறைய அதுவே. அப்படியென்றால் அமேசானும் சைபீரியாவும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்ற கேள்வி உடனே எழுமல்லவா?

எதிர்வாதம்

2009-இல் வில்லியம் ஷ்லெசிங்கர், ஜெய்ன் பெல்நாப், ஜைல்ஸ் மேரியன் மூவரும் எழுதிய மறுப்பு சுருக்கமானது, கறாரானது. ஷ்லெசிங்கர் மொஹாவியின் சுக்கான் படிவுகளை 1980-களிலேயே ஆராய்ந்தவர். பெல்நாப் பாலைவன மேலோடுகளைப் பற்றி உலகில் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இவ்வளவு கார்பன் வந்தது என்றால், அது எங்கே?

வரவுப் புத்தகத்தில் நூறு என்று எழுதியிருந்தால் கல்லாவில் நூறு இருக்க வேண்டும். நாமே எண்ணிப் பார்க்கலாம். சதுர மீட்டருக்கு 100 கிராம் என்றால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1 டன் கார்பன். காய்ந்த கட்டையில் பாதி கார்பன், ஆக 2 டன் கட்டை. பத்தாண்டில் 20 டன். கிரியோசோட் நிலத்தில் தரைக்கு மேல் நிற்கும் மொத்தச் செடிப்பொருளே ஹெக்டேருக்குச் சில டன்தான். பத்தாண்டில் புதர்க்காடு பல மடங்கு அடர்ந்திருக்க வேண்டும். படத்தை எடுத்துப் பார்த்தாலே தெரியும் மாற்றம் அது. அப்படி எதுவும் நடக்கவில்லை.

சரி, மண்ணுக்குள் சுண்ணாம்பாகப் படிந்ததா? 100 கிராம் கார்பன் 833 கிராம் கால்சியம் கார்பனேட் ஆகும். கெட்டியாகப் படிந்தால் ஆண்டுக்கு 0.3 மில்லிமீட்டர் தடிமன். மொஹாவி இன்றைய வறட்சிக்கு வந்து பத்தாயிரம் ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 3 மீட்டர் கெட்டிப் பாறை. அதற்கு ஆண்டுதோறும் சதுர மீட்டருக்கு 333 கிராம் கால்சியம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கால்சியம் வருவது காற்றில் வரும் தூசியிலும் மழையிலும் பாறை சிதைவதிலும்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக. தூசி ஏற்கெனவே சுண்ணாம்பாக வந்திருந்தால் அது கரைந்து மறுபடி படிவதில் காற்றுக்கு எந்த நிகர நட்டமும் இல்லை. சுக்கான் படிவுகளை வயது கணித்து அளந்தவர்களுக்குக் கிடைத்த வேகம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஒருசில கிராமைத் தாண்டவில்லை.

சின்ஜியாங் சோதனைக்கு எனக்குத் தோன்றும் ஆட்சேபம் வேறு. நீராவியில் வெந்த மண், உயிர் போன அதே மண் அல்ல. அதன் உப்பும் ஈரமும் துகளமைப்பும் மாறியிருக்கும். இரவில் உயிரில்லாமலும் உள்ளிழுக்கிறது என்பதை அந்தச் சோதனை நன்றாகக் காட்டியது. ஆனால் இரவில் எடுத்தது பகலில் எவ்வளவு திரும்பியது என்பதை ஆண்டு முழுக்கப் பின்தொடர்ந்தால்தான் சேமிப்பு என்று சொல்ல முடியும். ஏற்ற இறக்கத்தை நிகர வரவாக வாசித்ததுதான் இந்த விவாதம் முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும் தடுமாற்றம்.

கருவியின் பக்கம்

இந்த வழக்கில் மிகச் சுவையான பகுதி கருவிதான் என்பது என் கருத்து. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில் மண் அறை. இருபது சென்டிமீட்டர் குழாய் வளையத்தை மண்ணில் இறக்கி, கலைந்த மண் அடங்கக் காத்திருந்து, மேலே ஐந்து லிட்டர் மூடியைக் கவிழ்க்க வேண்டும். காய்ந்த பாலை மண்ணின் மூச்சு நொடிக்கு சதுர மீட்டருக்கு 0.2 மைக்ரோமோல் (வாயுவின் அளவைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) என்று வையுங்கள். இரண்டு நிமிடத்தில் மூடிக்குள் கரியமில வாயு ஏறுவது 4 பிபிஎம். ஏற்கெனவே உள்ளே இருப்பது ஏறக்குறைய 400. மூடிக்குள் நீராவி ஒரே ஒரு சதவீதம் ஏறினால் அதுவே 400-இல் 4-ஐ நீர்த்துப்போகச் செய்யும். ஏற்றம் முழுவதும் மறைந்துவிடும். நீராவித் திருத்தத்தைக் கருவியே செய்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் திருத்தமும் சமிக்ஞையும் ஒரே அளவில் நிற்கும் இடத்தில், இறங்கும் கோட்டைப் பார்த்ததும் 'மண் விழுங்குகிறது' என்று துள்ளிக் குதிக்கக் கூடாது.

கோபுரக் கருவியின் கதை இன்னும் கடுமை. ஒலி அலையால் காற்றின் வேகத்தை நொடிக்குப் பத்து, இருபது முறை அளந்து, பக்கத்திலேயே அகச்சிவப்புக் கதிரால் கரியமில வாயுவின் அடர்த்தியையும் அளந்து, இரண்டும் சேர்ந்து ஆடும் ஆட்டத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். கருவி அளப்பது கன அளவில் உள்ள அடர்த்தியை. மேலே எழும் காற்று சூடானது, விரிந்தது. அதில் அடர்த்தி குறைவு. கீழே இறங்குவது குளிர்ந்தது, அடர்ந்தது. செடியே இல்லாத தார்ச்சாலை மேல் வைத்தாலும் கரியமில வாயு கீழே போவதுபோல் காட்டும். இதைச் சரிசெய்யும் சமன்பாட்டை வெப், பியர்மன், லூனிங் மூவரும் 1980-இல் தந்தார்கள். துறையில் மூவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து டபிள்யூபிஎல் திருத்தம் என்பார்கள்.

காட்டில் இது சிறு திருத்தம். பாலைவன நண்பகலில்? தரையிலிருந்து எழும் வெப்பம் சதுர மீட்டருக்கு 300 வாட் என்று எடுத்து, மொஹாவியின் உயரத்துக்கும் வெப்பத்துக்கும் போட்டுப் பார்த்தால் திருத்தம் மட்டும் நொடிக்கு 12 மைக்ரோமோல் வருகிறது. புதர்நிலத்தின் உண்மையான ஓட்டம் ஒன்று, ஒன்றரை மைக்ரோமோல். நாம் தேடுவதைவிடத் திருத்தம் பத்து மடங்கு பெரிது. இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 100 கிராம் கார்பன் என்பது ஆண்டு முழுக்கச் சராசரியாக நொடிக்கு 0.26 மைக்ரோமோல்தான். வெப்பத்தை அளப்பதில் சில சதவீதம் பிசகினால் போதும், ஒரு காட்டுக்கு நிகரான கார்பன் தொட்டி தாளில் உருவாகிவிடும்.

அதோடு கருவியே சூடாகும். 2008-இல் ஜார்ஜ் பர்பா குழுவினர், திறந்த பாதை வகைக் கருவியின் மின்சுற்றும் வெயிலும் சேர்ந்து கதிர் போகும் பாதையிலுள்ள காற்றையே சூடாக்குவதைக் காட்டினார்கள். குளிர்காலத்தில் இது கூடுதல். பிழை போகும் திசை எப்போதும் ஒன்றே: உண்மையில் இல்லாத உறிஞ்சல்.

இதனால் வோல்ஃபார்ட் குழுவின் எண் பொய் என்று நான் சொல்லவில்லை. கூண்டு முறையும் கோபுர முறையும் தனித்தனிப் பிழைகள் கொண்டவை. இரண்டும் நூறைச் சுற்றி நின்றது தற்செயல் என்று ஒரே வரியில் ஒதுக்கவும் முடியாது. மேலும் 2004-05 குளிர்காலம் அப்பகுதியில் அசாதாரண மழைக்காலம். 2005 வசந்தத்தில் டெத் வேலியே பூத்துக் கிடந்தது. அந்த ஆண்டு நிலம் நிஜமாகவே லாபத்தில் இருந்திருக்கலாம். நல்ல மழை ஆண்டை வைத்து எல்லா ஆண்டுக்கும் உலகத்துக்கும் கணக்குப் போட்டதில்தான் வாதம் சறுக்கியது.

தோண்டிப் பார்த்தார்கள்

2007-இல் வாயு ஊதுவது நின்றதும் கல்லாவையே திறந்து எண்ணும் வாய்ப்பு கிடைத்தது. வட்டங்களில் உள்ள செடிகளை அறுத்து, மண்ணை ஒரு மீட்டர் ஆழம் வரை எடுத்துப் பகுத்தார்கள். பெத் நியூவிங்ஹாம் குழுவினர் 2013-இல் தந்த செய்தி: பத்தாண்டு கூடுதல் கரியமில வாயு கிடைத்தும் பல்லாண்டுப் புதர்களின் எடையில், தரைக்கு மேலும் கீழும், திரண்ட வித்தியாசம் இல்லை. 1998-இல் இரட்டிப்பான தளிரெல்லாம் வறண்ட ஆண்டுகளில் உதிர்ந்து போயிருந்தது.

ஆனால் டேவிட் எவன்ஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்டது கதையை ஒரு திருப்பு திருப்பியது. கூடுதல் வாயு ஊதிய வட்டங்களில் மொத்தக் கார்பன் உண்மையிலேயே அதிகம். அந்தக் கூடுதல் செடியில் அல்ல, மண்ணில் இருந்தது. ஊதிய வாயுவின் ஐசோடோப் அடையாளம், அதாவது அதன் கார்பன் அணுக்களின் எடை வேறுபாடு, அதைப் பின்தொடர உதவியது. வேர்கள் உயிரோடு இருக்கும்போதே கசியவிடும் சர்க்கரை, அமிலங்கள் வழியாக நுண்ணுயிர்களிடமும் அங்கிருந்து மண்ணின் கரிமப் பொருளுக்கும் அது போயிருக்கிறது. ஷ்லெசிங்கர் கேட்ட 'எங்கே' என்ற கேள்விக்கு முதல் உருப்படியான பதில் இது.

இதை அளவோடு படிக்க வேண்டும். எவன்ஸ் ஒப்பிட்டது ஊதிய வட்டத்தையும் ஊதாத வட்டத்தையும். இயல்பான காற்றில் உள்ள மொஹாவி ஆண்டுக்கு 100 கிராம் சேர்க்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஊதாத வட்டம் பத்தாண்டு முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி இருந்தது என்ற ஒப்பீடுதான் அந்தக் கேள்விக்கு விடை தரும். இந்த ஆய்வு கேட்டது அதை அல்ல. இருந்தும், எதிர்காலத்தில் காற்றில் வாயு கூடும்போது பாலைவன மண் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் என்ற அளவுக்கு நம்பிக்கையோடு சொல்லலாம்.

சின்ஜியாங் தரப்பும் தன் வாதத்தை மாற்றிக்கொண்டது. 2015-இல் லி யான் குழுவினர் தாரிம் படுகையை ஆராய்ந்து, மண் விழுங்கியதாகச் சொன்ன கார்பனுக்கு ஒரு முகவரி தந்தார்கள். பாசனத்துக்காகக் களர் நிலத்தில் பாய்ச்சும் நீர் உப்பைக் கழுவும்போது கரைந்த கார்பனையும் சேர்த்துப் பாலைவனத்துக்கு அடியில் உள்ள உவர் நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகிறது. பட்டுப்பாதை திறந்து, சோலைகளில் வேளாண்மை பெருகிய பிறகு இந்த ஓட்டம் பல மடங்கு கூடியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால் அது நடப்பது மனிதர் நீர் பாய்ச்சும் இடத்தில். அந்த வழி மொஹாவிக்கு இல்லை. அங்கே மழை வேர்மண்டலத்தைத் தாண்டிக் கீழே இறங்குவது மிக அரிது.

இன்றைய நிலவரம் என்று கேட்டால்: இரவில் பாலைவன மண் கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது என்பதில் பெரிதாகச் சண்டை இல்லை. அது நீர்ப்படலத்தின் வேதியியல், வெப்பத்தோடு வந்து போவது. அந்த வரவை உயிரின் மூச்சிலிருந்து பிரிக்காமல் மண் சுவாசத்தை அளந்தால் நுண்ணுயிர்கள் உண்மையைவிடக் குறைவாக மூச்சு விடுவதாகத் தோன்றும். புதிய ஆய்வுகள் இதைத் தனியாகக் கழிக்கின்றன. கோபுரக் கருவிகளிலும் மூடிய பாதை வகை, கருவிச் சூட்டுத் திருத்தம் என்று கவனம் கூடியிருக்கிறது. ஆண்டுக்கு 100 கிராம் என்பதை நான் ஏற்கவில்லை. மொஹாவியின் நீண்டகாலச் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டி, மழை ஆண்டில் லாபமும் வறண்ட ஆண்டில் நட்டமுமாக இருக்கும் என்பதே என் கணிப்பு. அதைத் தவறென்று காட்ட ஒரு வழி இருக்கிறது. 2007-இல் தோண்டிய அதே வேலிக்குள், ஊதாத வட்டங்களின் பக்கத்து நிலத்தில், அதே முறையில் மறுபடி ஒரு மீட்டர் தோண்டி எடைபோட வேண்டும். இருபது ஆண்டில் சதுர மீட்டருக்கு 2 கிலோ கூடியிருந்தால் எந்தக் கருவித் திருத்தமும் இல்லாமலே அது கண்ணுக்குத் தெரியும்.